சுவரில் மட்டும் ஒட்டினால் கேதம்

ஏலக்காய் மூட்டை அடுக்கி அடுக்கி மணந்த தன் தந்தையாரின் கிட்டங்கியை, "சும்மா பூட்டிக் கெடக்கு, யாருக்காச்சும் ஒதவட்டும்" என்ற ஒற்றைச் சொல்லில் கலைக்குத் திறந்துவிட்ட, இவ்விழாவின் தலைவர் ஜெபா அம்மையார் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து, நான் தொண்டையைச் செருமுவதற்குள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்ட பெரியோர்களே! லோயர் கேம்ப்பிலிருந்து மூன்று பேருந்து மாறி வந்திருக்கும் இளங்காளைகளே! மேகமலைச் சாலையில் குலுங்கிக் குலுங்கி இறங்கியும் முகம் சுளிக்காமல் வந்து சேர்ந்த தோட்டத்துச் சொந்தங்களே! வாரத்தில் ஒரே நாள் ஞாயிறு, அதுவும் துணி துவைக்கிற நாள், அந்தத் துணியை ஊறவைத்துவிட்டு இந்த ஈஸ்வரபாண்டியின் பேச்சில் ஊற வந்திருக்கும் தாய்மார்களே! உள்ளே வருவதா, டீயைக் குடித்துவிட்டு அப்படியே போவதா என்று வாசலில் நின்று யோசிக்கும் அண்ணன்மார்களே! வாங்கண்ணே, இங்கன சேர் கெடக்கு. உங்கள் எல்லோருக்கும் இந்தப் போடி மண்ணின் இரும்புக்கடைக்காரன் சிரம் தாழ்த்தி, கரம் குவித்து, வணக்கம் சொல்கிறேன்.

என்னை அறிமுகப்படுத்திய தம்பி, "கலையுலகின் காவலர்" என்றார். தம்பி, நான் காவல் காப்பது ஆணியும் தாழ்ப்பாளும். இந்தக் கிட்டங்கி கலைக்கூடத்துக்கு நான் எப்படிச் செயலாளர் ஆனேன்? ஓவியம் அறிந்தவன் என்றா? சிற்பம் தெரிந்தவன் என்றா? இல்லை ஐயா! படம் மாட்ட ஆணி ஓசியில் கிடைக்கும் என்று சேர்த்துக்கொண்டார்கள். இங்கே நுழைவுச்சீட்டு இல்லை, விற்பனை இல்லை, லாபம் இல்லை. "லாபம் இல்லாத கடைக்கு எதுக்கு செயலாளரு?" என்று என் வீட்டம்மா கேட்டார்கள். "மாலை போடுவாக, பொன்னாடை போத்துவாக, மைக்கு குடுப்பாக" என்றேன். "அப்ப சரி, அங்கன போய்ப் பேசுங்க, வீடாச்சும் அமைதியா இருக்கும்" என்று அனுப்பி வைத்தார்கள்.

யாரப்பா அங்கே சிரிப்பது? சிரியுங்கள், சிரியுங்கள். இன்று சிரிப்பதற்கென்றே ஒரு கதை வைத்திருக்கிறேன். அதில் கோமாளியும் நான்தான்.

இந்தக் கூடத்தில் தன் முதல் தனிக் கண்காட்சியை வைத்திருக்கும் வேல்விழியை உங்களுக்கெல்லாம் தெரியும். சிலமலைப் பக்கத்துப் பிள்ளை. பட்டணம் போய்ச் சிற்பம் படித்த பிள்ளை. நிறுவல் கலை என்று ஒன்று. ஆங்கிலத்தில் இன்ஸ்டலேஷன். ஒரு படமாக, ஒரு சிலையாக இல்லாமல், ஒரு கூடத்தையே கலைப்பொருளாக ஆக்கிவிடுவது. இதை இன்று இவ்வளவு தெளிவாகச் சொல்கிற நான் அன்று என்ன செய்தேன்? அந்தப் பிள்ளை ஒரு வாரமாக ஏணி போட்டு ஏறி, இந்த மச்சு முழுக்கக் கயிறு கட்டி, கயிறு முழுக்கச் சட்டை தொங்கவிட்டது. செயலாளர் என்ற தோரணையில் நான் உள்ளே வந்தேன். அண்ணாந்து பார்த்தேன். "ஏம்மா, துணி காஞ்சதும் எடுத்துட்டுப் படத்தை மாட்டிருவேல்ல?" என்று கேட்டேன். பிள்ளை ஏணியிலிருந்து என்னைப் பார்த்தது. "ஐயா, இதுதான் படம்" என்றது. நான் உடனே "ஆகா!" என்றேன். புரியாத இடத்தில் ஆகா சொல்வது என் மேடை அனுபவம் எனக்குத் தந்த ஒரே ஞானம்.

அவை என்ன சட்டைகள்? விடியுமுன் போடிமெட்டு ஏறுகிற ஜீப்புகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து, எல்லை தாண்டி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறார்களே நம் பெண்கள், அவர்கள் சேலைக்கு மேலே மாட்டிக்கொள்ளும் சட்டைகள். புருசன் போட்டுப் பழசான முழுக்கைச் சட்டை. மகன் பள்ளிக்கூடம் முடித்ததும் வேண்டாம் என்று எறிந்த சட்டை. ஏலச்செடியின் கறை படிந்த சட்டை, அட்டை கடித்த ரத்தம் காய்ந்த சட்டை, பூச்சிமருந்து வாடை போகாத சட்டை. தெருத்தெருவாகப் போய் அந்தப் பிள்ளை கேட்டு வாங்கியது. "காலேஜுப் பிள்ளை கேக்குது, என்னத்துக்கோ" என்று எல்லோரும் கொடுத்தார்கள். முதல் சட்டை அவளைப் பெற்ற தாய் பொன்னாத்தாள் அம்மாவின் சட்டை. அவர்களும் அதே ஜீப்பில் போகிறவர்கள்தான்.

கொடுத்த தாய்க்குப் பிறகுதான் தெரிந்தது, அது கூடத்தில் தொங்கப் போகிறது, ஊர் வந்து பார்க்கப் போகிறது என்று. தாய்க்கு வந்ததே கோபம்! "எங்க கிழிசலை ஊரு பாக்கத் தொங்கவிடப் போறியா? இதுக்காடி உன்னைய படிக்க வச்சேன்?" அதோடு பேச்சு நின்றது. மகள் வீட்டை விட்டு வந்து இந்தக் கிட்டங்கியின் பின்னறையிலேயே தங்கினாள். அந்தக் கூடத்துக்குள் காலடி வைக்க மாட்டேன் என்று தாய் சொல்லிவிட்டார்கள். வேல்விழி எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "யாரு வந்தாலும் வராட்டியும் பரவால்லய்யா. எங்கம்மா ஒரு தடவ வந்து பாத்தாப் போதும்." ஒரு மகள் கேட்டது அவ்வளவுதான். அதைக் கெடுப்பதற்கு என்னென்ன உண்டோ அத்தனையையும் நான் செய்தேன்.

சுவரொட்டி அடிக்க வேண்டும் அல்லவா? நம் ஊரில் ஒரு காதுகுத்துக்குச் சுவரொட்டி என்றால் எப்படி இருக்கும்? சிங்கம் நிற்கும், புலி பாயும், தாய்மாமன் கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரிப்பார், சித்தப்பா பெரியப்பா எல்லாம் வட்டம் வட்டமாக முகம் காட்டுவார்கள். எங்களுக்கோ சென்னையிலிருந்து ஒரு தம்பி கணினியில் வரைந்து அனுப்பினார். வெள்ளைத் தாள். நடுவில் வேல்விழியின் முகம், கறுப்பு வெள்ளையில். சிரிப்பு இல்லை. முகத்துக்குக் கீழே பெயர். பெயருக்குக் கீழே கண்காட்சி தொடங்கும் தேதி, ஒரு கோடு, முடியும் தேதி. வருசம்கூட இல்லை. கண்காட்சி என்ற சொல்கூட மூலையில் எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில். "சார், இந்த எம்ப்டி ஸ்பேஸ், காலி இடம்தான் அழகு" என்றார் தம்பி. நான் என்ன சொன்னேன்?

என்ன சொன்னேன்? சத்தமா சொல்லுங்க! ஆமாம், "ஆகா!" என்றேன்.

அச்சடிக்கக் கொண்டுபோனேன். அச்சகம் வைத்திருக்கும் செல்வமணி அந்தத் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சின்ன வயசா இருக்கேண்ணே" என்றார். "ஆமா, சின்ன வயசுலயே இவ்வளவு பெரிய பேரு" என்றேன் பெருமையாக. "என்னண்ணே ஆச்சு?" என்றார். "எல்லாம் திறமைதான்" என்றேன். அவர் குழம்பிப்போய், "கீழ யாரு பேரு போடணும்?" என்றார். "கிட்டங்கி நண்பர்கள்னு போடு" என்றேன். பக்கத்தில் ஒரு கறுப்புப் பட்டை அவராகவே சேர்த்தார். எடுப்பாக இருக்கிறதே என்று அதற்கும் நான் ஆகா சொன்னேன். கூலி வேண்டாம் என்று மறுத்துவிட்டார் மனுசன். கலைமேல் எவ்வளவு பற்று என்று வீடு வரைக்கும் வியந்துகொண்டே போனேன்.

திறப்பு விழா அன்று காலையில் ஜீப்புகள் மலையேறின. அப்போது மலையடிவாரத்து முந்தல் சோதனைச் சாவடிச் சுவர் வெறும் சுவர். பத்து மணிக்குமேல் நம் பையன்கள் போய் வரிசையாக ஒட்டிவிட்டு வந்தார்கள். மாலையில் ஜீப்புகள் மலையிறங்கின.

இங்கே விழா தொடங்கியது. நூறு நாற்காலி போட்டிருந்தோம். தலைவரும் நம் நண்பர்கள் நாலு பேரும் இருந்தார்கள், ஒலிபெருக்கிக்காரர் இருந்தார், டீக்கடைக்காரர் பாக்கிக் கிளாஸுக்காக நின்றார். மேடையில் நான் இருந்தேன். கூட்டம் இல்லாவிட்டால் பேச்சைச் சுருக்கிக்கொள்வான் அறிவாளி. நான் நீட்டினேன். "கலை என்றால் என்ன? கண்ணீரின் கரை அல்லவா! காலத்தின் கறை அல்லவா!" என்று காற்றில் கைவீசிக்கொண்டிருந்தபோது வாசலில் ஜீப்புகள் வந்து நின்றன. ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னும் சில. பெண்கள் இறங்கி உள்ளே வருகிறார்கள். சேலைக்கு மேலே சட்டை போட்டபடி, தலையில் துண்டு கட்டியபடி, தூக்குவாளியோடு வருகிறார்கள். வந்தவர்கள் அழுகிறார்கள்!

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துரோகம். என் பேச்சைக் கேட்டு அழுகிறார்கள் என்று நினைத்தேன்! இத்தனை காலம் எத்தனை மேடை! கோயில் மேடை, கட்சி மேடை, காதுகுத்து மேடை! கொட்டாவி விட்டவர் உண்டு, எழுந்து போனவர் உண்டு, என் பேச்சுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டவர் உண்டா? இதோ, கதறுகிறார்கள்! நெஞ்சில் அடித்துக்கொள்கிறார்கள்! நான் குரலை உயர்த்தினேன். "அழுங்கள் தாய்மார்களே! அழுங்கள்! இந்தக் கண்ணீர் வீண் போகாது!" என்று முழங்கினேன். அவர்களும் "ஐயோ வேலு, பெத்த வயிறு பத்தி எரியுதே" என்று பாடத் தொடங்கினார்கள். தலைவர் ஜெபா அம்மையார் என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "ஈஸ்வரபாண்டி, இது ஒப்பாரி" என்றார்கள். அப்போதுகூட நான், "இருக்கட்டும்மா, கூட்டம் சேந்திருச்சு" என்றேன்.

சத்தம் கேட்டுப் பின்னறையிலிருந்து வேல்விழி வந்தாள். சட்டைகளை விலக்கிக்கொண்டு, கையில் மாட்ட எடுத்த ஒரு லைட் பல்போடு, "என்னம்மா, என்னாச்சு?" என்று நின்றாள். அழுகை அப்படியே நின்றது.

இந்த இடத்தில் நான் சிரிக்க மாட்டேன். நீங்களும் சிரிக்காதீர்கள். முந்தல் சுவரில் மகளின் முகத்தைக் கண்ணீர் அஞ்சலிப் படமாகப் பார்த்த தாய், அங்கிருந்து போடி வந்து சேரும்வரை அந்த ஜீப்பில் எதைச் சுமந்துகொண்டு வந்தார்கள்? நினைத்துப் பார்த்தேன். என்னால் முழுசாக நினைக்க முடியவில்லை. பொன்னாத்தாள் அம்மா மகளைத் தொட்டுப் பார்த்தார்கள். கன்னத்தைத் தொட்டார்கள், கையைத் தொட்டார்கள், பல்பை வாங்கிக் கீழே வைத்தார்கள். கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு நிமிர்ந்து, "எவன்டா எம்மக படத்தை ஒட்டுனது?" என்று கேட்டார்கள். கிட்டங்கி நண்பர்கள் என்று கீழே போட்டிருந்தோமே, அந்த நண்பர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

அறை விழுந்தது. இந்தக் கன்னம். இல்லை, இது. பல வருசம் போராடியும் தேனி மாவட்டத்துக் கலைக்கு ஒரு விமர்சனம் எழுத ஆளில்லை என்று வருந்திக்கொண்டிருந்தோம். முதல் விமர்சனம் என் கன்னத்தில் வந்தது. சுருக்கமாகவும் இருந்தது, நியாயமாகவும் இருந்தது.

நான் விடுவேனா? கன்னத்தைத் தடவிக்கொண்டே உபதேசம் செய்தேன். "தாயே, சாவு என்றால் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு வருகிறீர்கள். கலை என்றால் ஒருவர்கூட வரவில்லையே, இது தகுமா?" என்று கேட்டேன். அப்போது கூட்டத்திலிருந்து மாயக்காள் அக்கா முன்னால் வந்தார்கள். அந்த ஜீப்பில் எல்லோருக்கும் இடம் பிடித்துக் கொடுக்கிற மாயக்காள். இடுப்பில் கைவைத்துக் கேட்டார்கள்.

"யோவ், நல்லது கெட்டது தெரியாதாய்யா ஒமக்கு? நல்லதுக்குன்னா வீடு தேடி வரணும். வெத்தல பாக்கு வச்சு, 'ஆத்தா, வந்துருங்க'ன்னு வாசல்ல நின்னு கூப்பிடணும். காதுகுத்துக்கு எத்தன போஸ்டரு ஒட்டுனாலும் வீட்டுக்கு வந்து சொல்லாம விடுவாகளா? கூப்பிடாம சுவத்துல மட்டும் ஒட்டுனா அது கேதம், சாவுச் சேதி. கேதத்துக்குத்தான் கூப்பிடாம வருவாக. நாங்க சரியாத்தான வந்திருக்கோம்?"

சரியாகத்தான் வந்திருந்தார்கள்! நாங்கள் யாரைக் கூப்பிட்டோம்? மதுரையில் பேராசிரியரைக் கூப்பிட்டோம், சென்னையில் பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டோம், கொச்சியில் ஓவியரைக் கூப்பிட்டோம். சட்டை கொடுத்தவர் வாசலில் போய் நின்றோமா? உங்கள் சட்டையைக் கேட்க வாசலுக்கு வரத் தெரிந்தது. அந்தச் சட்டையைப் பார்க்க வாருங்கள் என்று சொல்ல வாசலுக்கு வரத் தெரியவில்லை! மக்களுக்கான கலை, மக்களுக்கான கலை என்று மைக்கில் மூச்சுவிடாமல் முழங்கினேன். மக்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று கேட்டேனா? நான்தான் முட்டாள். கைதட்டாதீங்கப்பா, நான் முட்டாள்னு சொல்றதுக்கா இம்புட்டுக் கைதட்டு?

"சரி, வந்தது வந்தாச்சு, பாத்துட்டே போவோம்டி" என்றார்கள் மாயக்காள். பெண்கள் அண்ணாந்தார்கள். மேலே சட்டைகள்; கீழே அதே மாதிரிச் சட்டை போட்ட பெண்கள். ஒரு குரல், "ஏய், இது எம்புருசன் கல்யாணச் சட்டைடி!" என்றது. இன்னொரு குரல், "அந்தப் பித்தானு நான் தச்சது" என்றது. இன்னொருத்தர், "நம்ம துணி இம்புட்டு ஒசரத்துல நல்லாத்தான்டி இருக்கு" என்றார்கள். அழ வந்தவர்கள் சிரித்தார்கள், சிரித்தவர்களில் சிலர் மறுபடி அழுதார்கள். இந்த முறை அழுகைக்கு என் பேச்சு காரணமில்லை என்று எனக்கே புரிந்தது.

பொன்னாத்தாள் அம்மா மட்டும் மேலே பார்க்கவில்லை. அந்தக் கோடிச் சுவரோரம் போனார்கள். அவர்கள் சட்டை அங்கே தொங்கியது. முதுகில் ஒரு சாண் கிழிசல் உள்ள சட்டை. தாய் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு மகள் அதன் முதுகைச் சுவர் பக்கம் திருப்பி மாட்டியிருந்தாள். கிழிசல் யாருக்கும் தெரியாது. "ஏன் இது மட்டும் சுவத்தப் பாத்திருக்கு?" என்றார்கள் தாய். "நீதானம்மா சொன்ன" என்றாள் மகள். "காலையில வேலைக்குப் போகணும்" என்று தாய் ஜீப்பில் ஏறிவிட்டார்கள்.

மறுநாளே நாங்கள் புறப்பட்டோம். தலைவர் ஜெபா அம்மையார் ஒரு தாம்பாளம் எடுத்தார்கள், நான் ஒரு கட்டு வெற்றிலை எடுத்தேன். ஜீப்பு இறங்குகிற நேரம் பார்த்துத் தெருத்தெருவாகப் போனோம். வாசல் வாசலாக நின்றோம். "ஆத்தா, கிட்டங்கியில நல்ல காரியம், வந்துருங்க" என்றோம். "யாருக்குக் காதுகுத்து?" என்று கேட்டார்கள். "காதுக்கு இல்ல ஆத்தா, கண்ணுக்கு" என்றேன். வந்தீர்கள்! பிள்ளைகளோடு வந்தீர்கள், மாமியாரோடு வந்தீர்கள், வெறுங்கையோடு வரக் கூடாது என்று சிலர் வாழைப்பழம்கூட வாங்கி வந்தீர்கள். இன்று நிறைவு நாள். நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கிறீர்கள். இது யார் செய்த புரட்சி? நானா? என் பேச்சா? வெற்றிலை செய்தது ஐயா, வெற்றிலை செய்தது! ஒரு தாய் வாசலில் நின்று கேட்கிற சொல்லுக்கு உள்ள பலம், ஒலிபெருக்கிக்கு உண்டா? நாளேட்டுக்கு உண்டா? உயிரோடு இருக்கிற மனுசியைப் பார்க்க உயிரோடு இருக்கும்போதே வாருங்கள் என்று அழைக்கிற ஊர்தானே ஊர்! அழைத்தால் வருகிற சனம்தானே சனம்!

கடைசியாக ஒரு வேலை. இதற்காகத்தான் எனக்கு இன்று மைக்கே கொடுத்திருக்கிறார்கள். சென்னையில் ஒரு கூடத்தில் இந்தச் சட்டைகளைத் தொங்கவிடக் கேட்கிறார்கள். மற்றவர்கள் எல்லோரும் சரி என்றுவிட்டார்கள். ஒரே ஒரு சட்டைக்கு அனுமதி வாங்கவில்லை. மகளுக்குக் கேட்கப் பயம். "நீங்க கேளுங்கய்யா, ஒங்களுக்குத்தான் அறை பழகிருச்சு" என்கிறாள். பொன்னாத்தாள் அம்மா, மூன்றாவது வரிசையில் இருக்கிறீர்கள். நேற்று மறுபடியும் உங்கள் வாசலுக்கு வந்து வெற்றிலை வைத்தது நான்தான். வந்ததற்கு நன்றி. கேட்கிறேன், இன்னொரு கன்னத்தையும் தயாராக வைத்துக்கொண்டு கேட்கிறேன். உங்கள் சட்டையை அனுப்பலாமா? வேண்டாம் என்றால் இப்போதே கழற்றி மடித்து உங்கள் கையில் கொடுத்துவிடுகிறோம்.

எந்திரிக்கிறாக. மைக்கைக் குடுங்கப்பா அங்கன. வேண்டாமா? சரி, சத்தம் போடாதீங்க, அம்மா பேசுறாக.

என்னம்மா? பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், அவர்கள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறேன். "அன்னைக்கு ஜீப்புல வாரப்ப ஒன்னே ஒன்னுதான் நெனச்சேன். கடைசியா எம்மகளைத் திட்டுனது இந்தச் சட்டைக்குத்தானேன்னு நெனச்சேன். இனிமே இதுக்கு என்னால திட்ட முடியாது." இப்படிச் சொல்கிறார்கள். இன்னும் சொல்கிறார்கள். "அனுப்புங்க. ஆனா சுவத்தப் பாத்து மாட்டக் கூடாது. கிழிசல் தெரிய மாட்டணும். அதப் போட்டுத்தான் இவளப் படிக்க வச்சேன், அதுல ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

ஐயா, இதற்கு நான் ஆகா சொல்லவில்லை. இது எனக்குப் புரிந்துவிட்டது.

இருங்க, இருங்க, கைதட்டை நிறுத்துங்க. அம்மா இன்னும் உட்காரவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொல்கிறார்கள். சொல்லுங்கம்மா. "நீங்க பேசுனது போதும்யா, ஒக்காருங்க. எம்மக என்ன செஞ்சான்னு அவ வாயால நான் இன்னும் ஒரு வார்த்தை கேக்கல. அவ பேசட்டும்."

கிட்டங்கி தந்த தலைவருக்கும், சட்டை தந்த தாய்மார்களுக்கும், துணியை ஊறப்போட்டு வந்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. என் பேச்சை இதுவரை எத்தனையோ தலைவர்கள் துண்டுச்சீட்டு கொடுத்து நிறுத்தப் பார்த்திருக்கிறார்கள், நான் நின்றதில்லை. இன்று நிற்கிறேன். வேல்விழி, ஏம்மா அழுகுற? மேலே வா. மைக்கை ஒன் ஒசரத்துக்கு எறக்கி வச்சிருக்கேன். ஒங்கம்மா கேக்குறாக, பேசு. எல்லோருக்கும் வணக்கம்.